முள்ளு குத்தின காலுக்கு டி.என்.ஏ. டெஸ்ட் எதுக்கு? பூஞ்சைக்குப் பேரு கண்டுபிடிக்கிற சோதனைகள் பற்றி ஒரு இழை

முள்ளுக்காட்டான் | செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். தேவகோட்டைக்குப் பக்கத்துல எங்க ஊரு. சித்தப்பாவுக்கு வலது பாதம் ரொம்ப நாளா வீங்கிக் கெடக்கு. கண்மாய்க்குள்ள சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரி மூட்டம் போடுற வேலை அவருக்கு. செருப்புப் போடுற ஆளே இல்லை. முள்ளு குத்துறதெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே கிடையாது. வலி இல்லாததால வீட்டுல யாரும் கண்டுக்கலை. இப்ப பாதத்துல அங்கங்க கண்ணு வச்சு, சீழோட கடுகுல பாதி அளவுக்குக் கறுப்பு மணி மணியா வருது.

யானைக்கால்னு சொல்லி ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, இல்லைன்னு வந்துருச்சு. அப்புறம் சதை எடுத்து அனுப்பினதுல "மைசிடோமா, பூஞ்சை வகையாக இருக்கலாம்"னு ரிப்போர்ட். இப்ப டாக்டர், ஐ.டி.எஸ். சீக்வென்சிங்னு டி.என்.ஏ. வரிசையைப் படிக்கிற டெஸ்ட் பண்ணணும், எந்தப் பூஞ்சைன்னு பேரு தெரியணும்ங்கிறார். சில ஆயிரம் ஆகுமாம். சித்தப்பாவோ "முள்ளு குத்தினதுக்கு எதுக்குடா டி.என்.ஏ. டெஸ்ட்டு, நான் என்ன கொலையா பண்ணிட்டேன்"ங்கிறார். ஐ.டி.எஸ்.னா என்ன? தேவைதானா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொத்தமங்கலம் கறார் | செவ்வாய், இரவு 9.40

தேவையில்லைங்கிறது என் கட்சி. மைசிடோமாவில் ரெண்டே பிரிவு. ஒன்று பாக்டீரியாவால் வருவது, மற்றது பூஞ்சையால் வருவது. அந்த மணியை நசுக்கி ஸ்லைடில் வைத்து கிராம் சாயம் போட்டால் தெரிந்துவிடும். பாக்டீரியா இழை ஒரு மைக்ரானுக்கும் மெலிசு, பூஞ்சை இழை அதைவிடப் பல மடங்கு தடிப்பு. அதிலும் மணி கறுப்பாக இருந்தால் பூஞ்சைதான், சாயம்கூட வேண்டாம். செலவு நூறு ரூபாய்க்குள். மிஷின் வாங்கிப்போட்டவன் மிஷினுக்குத் தீனி தேடுகிறான், அவ்வளவுதான்.

கானாடுகாத்தான் ஆச்சி | செவ்வாய், இரவு 10.25

தம்பி முள்ளுக்காட்டான், முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். நான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்க சித்தப்பாவை நான் பார்க்கலை. மருந்து பத்தி முடிவு உங்க டாக்டரோடது.

இந்த நோய்க்கும் நம்ம பக்கத்துக்கும் பழைய உறவு. 1842-ல் மதுரையில் வேலை பார்த்த ஜான் கில்ங்கிற ஆங்கிலேய மருத்துவர்தான் இதை முதன்முதலா மருத்துவ உலகத்துக்கு எழுதினார். அதனால இன்னிக்கும் உலகம் பூரா பாடப்புத்தகத்துல 'மதுரா பாதம்'தான். 1860-ல் வேண்டைக் கார்ட்டர் பம்பாயில் இருந்து மைசிடோமான்னு பேரு வச்சார். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது 2016-ல்தான். காலுல செருப்பு இல்லாதவனுக்கு வர்ற நோய்க்கு அவ்வளவு காலம் ஆச்சு.

கறார் சொன்னதுல பாதி சரி. பாக்டீரியா வகைன்னா கோ-ட்ரைமாக்சசோல், அமிகாசின் மாதிரி ஆன்டிபயாட்டிக். அது நல்லாவே கேட்கும். பூஞ்சை வகைன்னா இட்ராகொனசோல், அதுவும் மாசக்கணக்குல, பெரும்பாலும் அறுவையும் சேர்த்து. ரெண்டுக்கும் நடுவுல ஆள் மாறிப்போனா ஒரு வருசம் வீண். அந்தப் பிரிவைச் சொல்ல மைக்ராஸ்கோப் போதும். நானும் அதைத்தான் முதல்ல பண்ணச் சொல்வேன்.

ஆனா "பூஞ்சை"ங்கிறதோட நின்னுட்டா? கறுப்பு மணி விடுறதுல மதுரெல்லா மைசிடோமாடிஸ் முக்கியமானது, அது ஒண்ணுதான்னு இல்லை. மதுரெல்லாவுக்குள்ளேயே பழைய சேகரிப்புகளை டி.என்.ஏ. வச்சுத் திரும்பப் பார்த்தப்ப சூடோமைசிடோமாடிஸ், ட்ராபிகானா, ஃபஹாலின்னு வேற இனங்கள் வெளிய வந்துச்சு. மதுரெல்லா க்ரீசியான்னு நாங்க படிச்சது மதுரெல்லாவே இல்லைன்னு ஆகி, ட்ரெமடோஸ்ஃபேரியாவுக்குப் போயிருச்சு. வெள்ளை மணி விட்டா இன்னும் சிக்கல். அது ஃபியுசேரியமா இருக்கலாம், ஸ்கெடோஸ்போரியமா இருக்கலாம். ரெண்டும் மருந்துக்கு ஒரே மாதிரி கேட்கிற ஜாதி இல்லை. ஸ்கெடோஸ்போரியத்துக்கிட்ட ஆம்ஃபோடெரிசின் பலிக்கிறது அபூர்வம்.

கல்ச்சர் வச்சு, அதாவது தட்டுல வளர்த்துப் பார்க்கலாமேன்னு கேட்பீங்க. மதுரெல்லா வளர வாரக்கணக்காகும். வளர்ந்தாலும் நிறையத் தடவை வித்தே விடாது, வெறும் இழையா நிக்கும். வித்தைப் பார்த்துத்தானே நாங்க பூஞ்சைக்குப் பேரு சொல்லிக்கிட்டு இருந்தோம்? வித்து விடாததுக்கு எதை வச்சுப் பேரு சொல்றது? அங்கதான் டி.என்.ஏ. வருது.

லேப்_பாண்டி | செவ்வாய், இரவு 10.51

ஆச்சி சொன்னா சரியா இருக்கும். எனக்கு ஒரே கேள்விதான் முள்ளுக்காட்டான் அண்ணே. சதை எடுத்தாங்கல்ல, அதை எந்தத் தண்ணியில போட்டு அனுப்பினாங்க? வாடை கண்ணைக் கரிச்சுச்சா?

முள்ளுக்காட்டான் | செவ்வாய், இரவு 11.02

ஆமா தம்பி. நான்தான் பஸ்ல கொண்டுபோனேன். மூடி சரியா மூடாம வாடை தாங்கலை, பக்கத்துல உட்கார்ந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. எல்லாச் சதையும் அந்த ஒரே டப்பாவுலதான்.

லேப்_பாண்டி | செவ்வாய், இரவு 11.10

போச்சு. அது ஃபார்மலின்.

அண்ணே, இது உங்க தப்பு இல்லை. தியேட்டர்ல சதையை எடுத்தவுடனே கை தன்னால ஃபார்மலின் டப்பாவுக்குத்தான் போகும். நான் வேலை பார்க்கிற இடத்துக்கு வர்ற பத்துல ஒன்பது அப்படித்தான் வரும். ஃபார்மலின் சதையை அழுகாம வைக்கும், ஸ்லைடு வெட்ட அருமையா இருக்கும். ஆனா பூஞ்சையைக் கொன்னுரும், கல்ச்சருக்கு வழியே இல்லை. டி.என்.ஏ.வையும் துண்டு துண்டாக்கி ஒண்ணோட ஒண்ணு பிணைச்சு வச்சுரும். 2021-ல் கொரோனாவுக்குப் பின்னாடி கறுப்புப் பூஞ்சை வந்துச்சே, அப்பவும் இதே கூத்துதான். மூக்குல இருந்து சதையை எடுத்து மொத்தத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டு, கல்ச்சர் ரிப்போர்ட் எங்கன்னு கேட்பாங்க.

பள்ளத்தூர் பயோடெக் | புதன், காலை 6.30

ஃபார்மலினில் போட்டதிலிருந்தும் பி.சி.ஆர். (டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்யலாம் அண்ணா, முழுசாக நம்பிக்கை இழக்க வேண்டாம். நீளமான துண்டு கிடைக்காது, சின்னத் துண்டு கிடைக்கும்.

ஐ.டி.எஸ். என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். புரதம் செய்யும் ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. மரபணுக்கள் எல்லா உயிரிலும் உண்டு. பூஞ்சையில் 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்று மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். இவை ரொம்ப மாறாது. இவற்றுக்கு நடுவில் இருக்கும் இரண்டு இடைவெளிப் பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். அந்த இடைவெளிகள்தான் ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.2. மாறாத பகுதியில் பிரைமர் என்ற சின்ன டி.என்.ஏ. துண்டை ஒட்டவைத்து, மாறும் பகுதியைப் பெருக்கிப் படிக்கிறோம். எந்தப் பூஞ்சை என்று முன்கூட்டியே தெரியாமல் தேடலாம் என்பதுதான் இதில் வசதி. 1990-ல் வெளியான ஐ.டி.எஸ்.1, ஐ.டி.எஸ்.4 என்ற பிரைமர் ஜோடியை இன்னும் எல்லா லேபிலும் வைத்திருக்கிறார்கள். 2012-ல் இதைப் பூஞ்சைகளின் பொதுவான பார்கோடாக ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு நன்மை, இந்த மரபணுத் தொகுப்பு ஒரு செல்லிலேயே பத்துக்கணக்கில், சிலவற்றில் நூற்றுக்கும் மேல் பிரதிகளாக இருக்கும். அதனால் மாதிரியில் பூஞ்சை கொஞ்சமாக இருந்தாலும் பிடிபட வாய்ப்பு அதிகம். ஃபார்மலினில் போட்ட சதைக்கு முழு நீளம் கேட்காமல் ஐ.டி.எஸ்.2 மட்டும் கேட்டால் ஓரளவுக்கு வரும்.

கானாடுகாத்தான் ஆச்சி | புதன், காலை 8.15

பயோடெக் தம்பி நல்லா சொல்லியிருக்கு. ஆனா முள்ளுக்காட்டான், அந்த ஃபார்மலின் சதையோட மல்லுக்கட்ட வேண்டாம். மணி இன்னும் வந்துக்கிட்டுத்தானே இருக்கு? புதுசா எடுக்கச் சொல்லுங்க.

மேல வழியிற மணியைத் துடைச்சு எடுத்து அனுப்புறதுல அர்த்தம் இல்லை. அது பாதிக்கு மேல செத்தது, போதாததுக்குத் தோலுல இருக்கிற பாக்டீரியா, மண்ணுல இருக்கிற பூஞ்சை எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். உள்ளேயிருந்து ஆழமா ஒரு துண்டு எடுக்கணும். அதை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணு ஃபார்மலின், இன்னொண்ணு சுத்தமான சலைன். அந்த சலைன் டப்பாவை ஐஸ் பேக் வச்சு அன்னிக்கே கொண்டுபோகணும். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துட்டுத் திங்கட்கிழமை வரைக்கும் மேசையில வச்சிருக்கிற கதை வேண்டாம்.

லேப்ல ரெண்டு பிரைமர் போடச் சொல்லிக் கேளுங்க. பூஞ்சைக்கு ஐ.டி.எஸ்., பாக்டீரியாவுக்கு அதோட ரைபோசோம் மரபணுவான 16எஸ். எது பெருகுதோ அது ஒரு சாட்சி. ரெண்டும் பெருகினா மைக்ராஸ்கோப்ல என்ன பார்த்தாங்களோ அதோட வச்சுப் பார்க்கணும். ஒண்ணு மேல ஒட்டிக்கிட்டு வந்ததாவும் இருக்கலாம்.

கொத்தமங்கலம் கறார் | புதன், காலை 8.40

ஒட்டிக்கொண்டு வருவது என்றீர்களே ஆச்சி, அதுதான் என் அடுத்த கேள்வி. பூஞ்சை வித்து காற்றில் எங்கும் மிதக்கிறது. எந்தப் பூஞ்சையானாலும் பெருக்கித் தரும் சோதனை என்றால், லேபில் பறக்கிற வித்தையும்தானே பெருக்கித் தரும்? அப்புறம் அந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு?

கானாடுகாத்தான் ஆச்சி | புதன், காலை 9.30

நல்ல கேள்வி. இந்தச் சோதனையோட பெரிய தலைவலியே இதுதான். நான் இப்ப எங்க வீட்டு வளவுல உட்கார்ந்து எழுதுறேன். ஒரு தட்டைத் திறந்து இங்க பத்து நிமிசம் வச்சா ஆஸ்பர்ஜில்லஸும் பெனிசிலியமும் வந்து உட்கார்ந்துரும். ரத்தம் எடுக்கிற குழாயில, பி.சி.ஆர். செய்யிற ரசாயனத்துலகூட பூஞ்சை டி.என்.ஏ. இருந்து ஏமாத்தின கதைகள் ஆராய்ச்சிக் கட்டுரைகளா வந்திருக்கு.

அதனால ஒவ்வொரு தடவையும் மாதிரியே போடாத ஒரு குழாயும் கூடவே ஓடணும். அதுல எதாவது பெருகினா அன்னிக்கு ஓட்டம் மொத்தமும் குப்பை. டி.என்.ஏ. பிரிக்கிற அறை வேற, பெருக்கின பிறகு திறக்கிற அறை வேற. சொல்றதுக்கு எளிது, சின்ன லேப்ல அறைக்கு எங்க போறது? எதிர்ப்பக்கத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. பூஞ்சையோட செல் சுவர் கைட்டினும் குளுக்கானும் சேர்ந்து கட்டினது, வழக்கமான கரைசல் அதை உடைக்காது. சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளோட போட்டு வேகமா ஆட்டி நொறுக்கணும், இல்லை நொதி போட்டுக் கரைக்கணும். அது சரியா நடக்கலைன்னா மாதிரியில நிறைய பூஞ்சை இருந்தும் "இல்லை"ன்னு ரிப்போர்ட் வரும். சதையில எதாவது பி.சி.ஆரைத் தடுக்குதான்னு பார்க்க, தெரிஞ்ச டி.என்.ஏ. கொஞ்சம் கலந்து பார்க்கிற கட்டுப்பாடும் வேணும். ரத்த மாதிரின்னா ஹெப்பாரின் குழாய் வேண்டாம், ஹெப்பாரின் பி.சி.ஆரைக் கெடுக்கும். இ.டி.டி.ஏ. குழாய்தான்.

லேப்_பாண்டி | புதன், காலை 9.44

இந்த 'மாதிரி போடாத குழாய்' ரிசல்ட்டை ரிப்போர்ட்ல எழுதுறவங்க எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்தா ஒரு கை விரல் மிச்சம் ஆகும் ஆச்சி.

செக்காலைக் கடைக்காரன் | புதன், மதியம் 1.20

நடுவுல நுழையிறதுக்கு மன்னிக்கணும். எனக்குப் படர்தாமரை. இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம். மருந்துக்கடையில குடுத்த ட்யூப் போட்டா நாலு நாள்ல மறையுது, விட்டா டபுளா வருது. வீட்டுல பிள்ளைகளுக்கும் வந்துருச்சு. நானும் இந்த டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கணுமா?

நெறியாளர் | புதன், மதியம் 1.35

பூஞ்சை இழைதானே, இங்கேயே கேட்கலாம். இதை வாங்கிப் போடுங்கள் என்று மருந்தின் பேரையும் அளவையும் மட்டும் யாரும் எழுத வேண்டாம். "எனக்கு இது கேட்டுச்சு" என்பதும் வேண்டாம்.

பள்ளத்தூர் பயோடெக் | புதன், மதியம் 2.10

அண்ணா, இப்போதைக்கு வேண்டாம். அந்த ட்யூபின் பின்னால் சிறிய எழுத்தில் க்ளோபெட்டசோல் மாதிரி எதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டு, உள்ளே பூஞ்சையை நிம்மதியாக வளர விடும். தோல் டாக்டரிடம் போய் ஓரத்தைச் சுரண்டி, கே.ஓ.எச். கரைசல் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

ஆனால் உங்கள் கேள்வியில் பெரிய விஷயம் இருக்கிறது. இந்தியாவில் கொஞ்ச வருடங்களாகப் பரவும் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-ல் தனிப் பேரே வைத்தார்கள். ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே. இந்தியாவில் இருந்தும் நேபாளத்தில் இருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களிடம் எடுத்ததை வைத்து அங்கே விவரித்தார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு வந்ததை அமெரிக்க அரசு அறிக்கையாகவே வெளியிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் தட்டில் வளர்த்துப் பார்த்தாலும் இதை அதன் உறவுக்காரப் பூஞ்சைகளிடம் இருந்து பிரித்துச் சொல்வது மிகக் கஷ்டம். ஐ.டி.எஸ். வரிசையைப் படித்தால்தான் தெரிகிறது.

பேரைவிட முக்கியமானது இன்னொரு மரபணு. டெர்பினாஃபின் என்ற மருந்து பூஞ்சையின் ஸ்குவாலின் எபாக்சிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அந்த நொதியின் 397-ஆவது இடத்தில் ஃபினைல்அலனின் இருக்க வேண்டிய இடத்தில் லூசின் வந்துவிட்டால் மருந்து அதில் சரியாகப் பற்றாது. இந்தப் பூஞ்சையில் அந்த மாற்றம் அடிக்கடி இருக்கிறது. ஸ்டீராய்டை நிறுத்தி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் அந்த மரபணுவைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

செக்காலைக் கடைக்காரன் | புதன், மதியம் 2.31

பாத்தேன். நீங்க சொன்ன அதே பேரு இருக்கு. அந்த ட்யூப்ல நாலு மருந்து கலந்திருக்காங்கய்யா.

கானாடுகாத்தான் ஆச்சி | புதன், மாலை 4.00

ட்யூபைத் தூக்கிப் போட்டுட்டு நாளைக்கே தோல் டாக்டரைப் பாருங்க. வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல வைத்தியம் பண்ணணும். துண்டு, கைலி எல்லாம் தனித்தனியா வெயில்ல காயணும்.

கொத்தமங்கலம் கறார் | புதன், இரவு 8.05

படர்தாமரை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அங்கே மரபணு மருந்தையே மாற்றுகிறது. ஆனால் இன்னொரு சந்தேகம். வரிசையைப் படித்த பிறகு அதைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுத் தேடுகிறார்கள். "99 சதவீதம் ஒத்துப்போகிறது" என்று ரிப்போர்ட். அந்தத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பேரில் வேண்டுமானாலும் வரிசையை ஏற்றலாம் என்று கேள்விப்பட்டேன். தப்பாகப் பேரு வைத்தவனோடு 99 சதவீதம் ஒத்துப்போனால், நமக்கும் அதே தப்புப் பேருதானே?

பள்ளத்தூர் பயோடெக் | புதன், இரவு 8.50

உண்மைதான். பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒரு பங்கு வரை இனப் பேரு தப்பாக இருக்கலாம் என்று 2006-லேயே ஒரு ஆய்வு எழுதியது. அதனால்தான் மனிதருக்கு நோய் தரும் பூஞ்சைகளுக்கென்று சரிபார்த்த தனித் தரவுத்தளத்தை, மருத்துவப் பூஞ்சையியலாளர்களின் உலக அமைப்பான இஷாம் 2015-ல் வெளியிட்டது. பட்டியலில் முதலில் வருவதை எடுக்காமல், அந்த இனத்துக்கு முதன்முதலில் பேரு வைத்தபோது அடையாளமாக வைத்த மூல மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சதவீதத்தை மட்டும் பார்க்காமல் வரிசையில் எவ்வளவு நீளம் ஒத்துப்போனது என்பதையும் பார்க்க வேண்டும். நூறு எழுத்து மட்டும் 99 சதவீதம் ஒத்துப்போய் என்ன பயன்?

ஐ.டி.எஸ். எல்லாவற்றுக்கும் போதவும் போதாது. ஆஸ்பர்ஜில்லஸில் நெருங்கிய இனங்களைப் பிரிக்க பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணு வேண்டும். ஃபியுசேரியத்துக்கு டி.இ.எஃப்.1.

லேப்_பாண்டி | புதன், இரவு 9.15

மால்டி-டாஃப் பத்தி யாரும் பேசலையே. பெரிய ஆஸ்பத்திரிகள்ல இப்ப அதுதான் ராஜா. டி.என்.ஏ. இல்லை, புரதத்தோட எடையை அளந்து அந்த வரைபடத்தை மிஷின்ல இருக்கிறதோட ஒப்பிடும். நிமிசக்கணக்குல பேரு. ஆனா தட்டுல வளர்ந்து வந்தாத்தான். ஈஸ்ட் வகைக்கு அருமை, இழைப் பூஞ்சைக்கு மெனக்கெடணும்.

கேண்டிடா ஆரிஸ் கதை தெரியும்ல? 2009-ல் ஜப்பான்ல ஒரு அம்மா காதுல இருந்து எடுத்து விவரிச்சாங்க. அதுக்கப்புறமும் ஐ.சி.யு.க்கள்ல அது வந்தப்போ, சர்க்கரையைச் செரிக்குதான்னு பார்த்துப் பேரு சொல்ற மிஷின் அதைக் கேண்டிடா ஹெமுலோனின்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதோட பட்டியல்ல ஆரிஸே இல்லை, பாவம் அது என்ன பண்ணும். வரிசையைப் படிச்சப்புறம்தான் வெளிய வந்துச்சு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் போட்ட பூஞ்சைப் பட்டியல்ல அது முதல் வரிசை. மைசிடோமா பூஞ்சைகள் அதுக்கு அடுத்த வரிசை.

கானாடுகாத்தான் ஆச்சி | புதன், இரவு 10.05

பாண்டி சொன்னதோட ஒண்ணு. நியுமோசிஸ்டிஸ்னு நுரையீரல்ல வர்றது, எய்ட்ஸ் நோயாளிகளைக் கொன்னுக்கிட்டு இருந்துச்சு. அதை ஒட்டுண்ணிப் பிராணி வகைன்னுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. 1988-ல் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் படிச்சப்போ அது பூஞ்சைன்னு தெரிஞ்சது. தட்டுல வளராது, அதனால இன்னிக்கும் சாயமும் பி.சி.ஆரும்தான் வழி.

முள்ளுக்காட்டான் | சில வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.20

ரிப்போர்ட் வந்துருச்சு. ஆச்சி சொன்ன மாதிரி திரும்ப எடுத்து, பாதி சலைன்ல குடுத்தோம். கிராம் சாயத்துல தடிச்ச இழை, பூஞ்சைன்னு எழுதியிருக்காங்க. 16எஸ் பெருகலை. ஐ.டி.எஸ்.ல மதுரெல்லா மைசிடோமாடிஸ். எந்தத் தரவுத்தளம்னும் மாதிரி போடாத குழாய் சுத்தமா இருந்துச்சுன்னும் கேட்டு எழுதி வாங்கிட்டேன். இட்ராகொனசோல் ஆரம்பிச்சாச்சு, ஈரலுக்கு அப்பப்ப ரத்தம் பார்க்கணுமாம். எலும்புல இறங்கியிருக்கான்னு ஸ்கேன் எடுக்கப் போறோம், அப்புறம்தான் அறுவை பத்திச் சொல்வாங்க.

கொத்தமங்கலம் கறார் | ஞாயிறு, காலை 7.45

நல்லபடியாகக் குணமாகட்டும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கிராம் சாயமும் பூஞ்சை என்றது, மணியும் கறுப்பு. ஐ.டி.எஸ். இல்லாமலே இதே மருந்துதானே ஆரம்பித்திருப்பார்கள்?

கானாடுகாத்தான் ஆச்சி | ஞாயிறு, காலை 9.10

ஆமா. இந்த ஆளுக்கு இந்தத் தடவை அது மருந்தை மாத்தலை. மறுக்க ஒண்ணும் இல்லை. மாசக்கணக்குல சாப்பிடப்போற மருந்துக்கு முன்னாடி டாக்டருக்கு ஒரு உறுதி கிடைச்சுது, அவ்வளவுதான். சில ஆயிரத்துக்கு அது பெறுமானமான்னு கேட்டா, மூட்டம் போடுறவர் வீட்டுக்கு அது பெரிய காசு. அரசாங்க லேப்ல இலவசமா நடக்கணும்ங்கிறது என் கட்சி.

முள்ளுல இருந்துதான் வந்துச்சான்னு யாராவது கேட்பீங்க. சூடான்ல இதே பூஞ்சையோட டி.என்.ஏ.வை மண்ணுலயும் முள்ளுலயும் பி.சி.ஆர். வச்சுப் பிடிச்சாங்க. ஆனா அங்கேயிருந்து உயிரோட வளர்க்க முடியலை. டி.என்.ஏ. இருக்குன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்லை. வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கிறவருக்குத் திரும்ப பி.சி.ஆர். எடுத்து "இன்னும் பாசிட்டிவ்"னு பயப்படுறதும் இதே காரணத்தாலதான் வேண்டாம்ங்கிறேன்.

கண்டனூர் கமலம் | ஞாயிறு, மாலை 5.30

ஆச்சி, உங்களைக் கேட்கத்தான் பேரு பதிஞ்சு உள்ள வந்தேன். எங்க அண்ணனுக்கு நாத்து நடுற வயல்ல சேத்துத் தண்ணி கண்ணுல தெறிச்சுச்சு. கருவிழியில வெள்ளையாப் புண்ணு. ஒரு கண் ஆஸ்பத்திரியில சுரண்டிப் பார்த்துப் பூஞ்சைன்னு சொல்லி நாட்டாமைசின் சொட்டு மருந்து குடுத்தாங்க. மணிக்கொரு தடவை விட்டும் குறையலை, பெருசாகுது. மருந்துக்குக் கேட்காத பூஞ்சையா?

கானாடுகாத்தான் ஆச்சி | ஞாயிறு, மாலை 5.48

கமலம், இதுக்கு நான் பதில் எழுதுறதைப் படிச்சுட்டு நாளைக்குக் காலையில முதல் பஸ்ல மதுரை போங்க. பெரிய கண் ஆஸ்பத்திரியில கார்னியா பிரிவுன்னு கேளுங்க. தள்ளிப்போடாதீங்க.

நம்ம பக்கத்துக் கருவிழிப் புண்ணுல ஏறக்குறைய பாதி வரைக்கும் பூஞ்சைதான். அதுல ஃபியுசேரியம் முன்னாடி, ஆஸ்பர்ஜில்லஸ் பின்னாடி. ஃபியுசேரியத்துக்கு நாட்டாமைசின் நல்ல மருந்து. வோரிகொனசோல் சொட்டைவிட அதுவே மேல்னு அரவிந்த் கண் மருத்துவமனையும் சேர்ந்து நடத்தின பெரிய ஆய்வு 2013-ல் காட்டுச்சு. அதனால உங்க ஆஸ்பத்திரி குடுத்தது தப்பு இல்லை.

ஆனா பித்தியம் இன்சிடியோசம்னு ஒண்ணு இருக்கு. மைக்ராஸ்கோப்ல அச்சு அசல் பூஞ்சை இழை. பூஞ்சையே இல்லை, பழுப்புப் பாசிக்குச் சொந்தக்காரன். பூஞ்சை மருந்துகள்ல பெரும்பாலானது பூஞ்சையோட செல் சவ்வுல இருக்கிற எர்கோஸ்டெராலைத்தான் தாக்கும். இதோட சவ்வுல எர்கோஸ்டெரால் கிடையாது, அதனால நாட்டாமைசினை எத்தனை தடவை விட்டாலும் அசையாது. இதுக்கு லினிசோலிட், அசித்ரோமைசின்னு பாக்டீரியா மருந்தைக் குடுப்பாங்க. தாமதமானா கருவிழியையே மாத்த வேண்டிவரும். சேத்துத் தண்ணின்னு சொன்னதாலதான் எனக்கு இது தோணுது. அண்ணனுக்கு இதுதான்னு நான் சொல்லலை, இதையும் பார்க்கச் சொல்லுங்கன்னு சொல்றேன்.

கொத்தமங்கலம் கறார் | ஞாயிறு, மாலை 6.20

இதை மைக்ராஸ்கோப்பில் பிரிக்க வழியே கிடையாதா ஆச்சி? தண்ணீரில் இலையைப் போட்டு நீந்தும் வித்து வருகிறதா என்று பார்ப்பார்களே.

கானாடுகாத்தான் ஆச்சி | ஞாயிறு, மாலை 6.35

இருக்கு. முதல்ல தட்டுல வளரணும், அப்புறம் இலையில பிடிக்கணும், அப்புறம் நீந்துற வித்து வரணும். பழகின கண்ணுக்கு இழையில குறுக்குச் சுவர் குறைவா இருக்கிறதும் சந்தேகம் குடுக்கும். ஐ.டி.எஸ். பிரைமர் இதையும் பெருக்கும், சுரண்டின மாதிரியில இருந்தே நேரா ஒண்ணு ரெண்டு நாள்ல பேரு வந்துரும். இந்த இடத்துல உங்க நூறு ரூபாய்க் கட்சியில நான் இல்லை.

கொத்தமங்கலம் கறார் | ஞாயிறு, மாலை 6.41

கண்ணுக்கு நானும் இல்லை.

கண்டனூர் கமலம் | ஞாயிறு, மாலை 6.50

காலையில கெளம்புறோம் ஆச்சி. பழைய ஆஸ்பத்திரியில இருந்து எதாவது வாங்கிட்டுப் போகணுமா? திரும்பச் சுரண்டுவாங்களான்னு அண்ணன் பயப்படுறாரு.

லேப்_பாண்டி | ஞாயிறு, மாலை 7.05

அக்கா, முதல்ல சுரண்டினப்போ போட்ட ஸ்லைடு இருந்தா கேட்டு வாங்கிட்டுப் போங்க, கூடவே கல்ச்சர் தட்டு இருந்தா அதையும். சாயம் போட்ட ஸ்லைடுல ஒட்டியிருக்கிறதைச் சுரண்டியே டி.என்.ஏ. எடுக்கலாம், சில சமயம் வரும். வரலைன்னா திரும்ப எடுப்பாங்க, மரத்துப்போகிற சொட்டு விட்டுத்தான் எடுப்பாங்க. ஸ்லைடை டிஷ்யூவுல சுத்தாதீங்க, அதுக்குன்னு இருக்கிற பிளாஸ்டிக் பெட்டியில வச்சுத் தரச் சொல்லுங்க. மதுரைக்குக் காலையில நாலரைக்கே பஸ் ஸ்டாண்டுல போய் நின்னீங்கன்னா ஓ.பி. டோக்கனுக்கு முன்னாடியே போயிரலாம்.